மினிக்காயில் ஒரு பகல்: எதைப் பார்ப்பது?

கேள்வி:
அடுத்த மாதம் கொச்சியிலிருந்து லட்சத்தீவு கப்பலில் போகிறோம். மினிக்காயில் ஒரு பகல்தான். அம்மாவுக்கு வயது 68, மூட்டுவலி வேறு. எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?

பதில் 1:
போன ஜனவரியில் மாமியாரோடு போய்வந்தேன், அதனால் சொல்கிறேன். எங்கள் கப்பல் கடலிலேயே நின்றுவிட்டது. ஆடுகிற சின்னப் படகுக்குள் இறங்க வேண்டியிருந்தது. படகுக்காரர்கள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அம்மாவுக்குப் புடவை வேண்டாம், சுடிதார் போடச் சொல்லுங்கள்.

கலங்கரை விளக்கம் 1885இல் கட்டியது. உள்ளே சுற்றிச் சுற்றிப் படிகள். மாமியார் கீழே தென்னை நிழலில் உட்கார்ந்துவிட்டார், நான் ஏறினேன். ஒரு பக்கம் வெளிர்பச்சைத் தண்ணீர், மறுபக்கம் கருநீலக் கடல், நடுவில் பிறை மாதிரி தீவு. முழங்கால் மறுநாள்தான் ஞாபகப்படுத்தியது.

பதில் 2:
மாசி வாங்காமல் வராதீர்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்தது. விறகுக்கட்டை போலிருக்கும். இடித்துத் தேங்காய்ச் சம்பலில் போட்டால் சோறு போதாது. இரண்டு பை போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கேபின் முழுக்க நாறும். (எங்கள் வீட்டில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.)

கேட்டவர்:
ரொம்ப நன்றி! அங்கே மலையாளம் செல்லுமா?

பதில் 1:
வீட்டில் பேசுவது மஹல், மாலத்தீவின் திவேஹி வகை. ஆனால் நான் அரைகுறை மலையாளத்தில்தான் சமாளித்தேன். அப்புறம், லட்சத்தீவுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டின் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.