பிளஸ் ஒன் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் நர்சிங் வேலையைக் காட்டுவது எப்படி?

மண்டபம் டீச்சர்:
அரசு மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன் உயிரியல் பிரிவு. 38 பேர், அதில் 14 பையன்கள். பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள், கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள். நர்ஸ் என்றால் ஊசி போடுபவர் என்பதற்கு மேல் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பையன்களோ அது தங்களுக்கு இல்லை என்று முடிவே கட்டிவிட்டார்கள். ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு நாள் கூட்டிப்போக நினைக்கிறேன். யாரிடம் அனுமதி கேட்பது, எந்த நேரத்தில் போவது, எந்த வார்டைப் பார்ப்பது? சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம் என்று ஆகிவிடக் கூடாது.

வார்டு சிஸ்டர்:
டீச்சர், 38 பேரையும் ஒரே நாளில் கொண்டுவராதீர்கள். 19, 19 ஆக இரண்டு நாள் வையுங்கள். அதையும் ஆறு, ஏழு பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிஸ்டரைக் கேளுங்கள். கட்டிலைச் சுற்றி அதற்கு மேல் நின்றால் டிராலி போக வழியிருக்காது. பின்னால் நிற்பவர்களுக்குச் சொல்வது கேட்காது. நோயாளியின் முகத்தையே வெறித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தலைமை ஆசிரியர் கடிதம் டீனுக்குப் போகட்டும், நகல் செவிலியர் கண்காணிப்பாளருக்கு. உங்கள் பக்கம் முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதியும் வேண்டும். தேதி, எண்ணிக்கை, உடன் வரும் ஆசிரியர்கள், பார்க்க விரும்பும் பகுதிகள் எல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும். கண்காணிப்பாளரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். எந்த சிஸ்டரை உங்களோடு அனுப்புவது என்று டூட்டி பார்த்து முடிவு செய்பவர் அவர்தான். மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கினால் நிதானமாக நடக்கும்.

காலையில் ஓ.பி. கூட்டம், ரவுண்ட்ஸ், ரத்த மாதிரி, டிஸ்சார்ஜ் என்று யாருக்கும் நிற்க நேரமிருக்காது. மதியம் 2 முதல் 4 சரியான நேரம். பொது மருத்துவ வார்டு, குழந்தைகள் வார்டு, கருவிகளைக் கிருமி நீக்கும் பகுதி போதும். காசநோய்ப் பிரிவு, ஐ.சி.யூ., பிரசவ அறை, அவசர சிகிச்சைப் பிரிவு வேண்டவே வேண்டாம். விபத்தில் வந்தவரின் குடும்பம் அழுதுகொண்டிருக்கும் இடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருவது சரியல்ல.

நோயாளியைத் தொட விடாதீர்கள். ஆனால் கையால் செய்ய வேலை கொடுத்தே ஆக வேண்டும். செயல்முறை அறையிலோ வகுப்பறையிலோ இந்த மூன்றும் நடக்கட்டும்.

கை கழுவுதல்: சோப்புத் தண்ணீரில் 40 முதல் 60 விநாடி. அதற்கு முன் மஞ்சள் கலந்த எண்ணெயைக் கை முழுக்கத் தேய்க்கச் சொல்லுங்கள். கழுவிய பிறகு கட்டைவிரலிலும் நகக்கண்ணிலும் மஞ்சள் மிச்சமிருக்கும். அவசரத்தில் விட்டுப்போகிற இடங்கள் அவைதான்.

ரத்த அழுத்தம்: ஒருவருக்கொருவர் பார்க்கட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பேசாமல், கால்மேல் கால் போடாமல். சட்டைக் கை மேலேயே பட்டையைக் கட்டினால் அளவு தப்பாக வரும். இரண்டு விதமாகவும் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

டிரிப் கணக்கு: 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 × 20 ÷ 240, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கணக்கைப் போட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணி குழாயில் இருக்கும் உருளையைத் திருகி அந்த வேகத்தில் நிறுத்த வேண்டும். வேகம் கூடினால் இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோக்கும் என்று சொல்லுங்கள். ஊசி போடும் வேலை என்ற நினைப்பு அந்த இடத்தில் மாறும்.

கடலோர வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்):
பெரிய ஆஸ்பத்திரியோடு நிறுத்திவிடாதீர்கள் டீச்சர். நர்சிங்கில் பாதி ஊருக்குள் நடக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனால் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை போனால் தடுப்பூசி. நான் புதன்கிழமையைத்தான் சொல்வேன். மருந்தைக் காப்பது அன்று கண்ணுக்குத் தெரியும். குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தடுப்பூசி கொண்டுபோகும் கேரியரில் வைக்கும் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகே வைப்போம். இல்லையென்றால் பெண்டாவேலன்ட் (குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி) உறைந்து கெட்டுவிடும், பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும். இதைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துக் குலுக்கச் சொல்லலாம்.

நம் கரைக்கு உரியதையும் கேளுங்கள். திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் அளவு சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் காலை வைக்கிறோம். அப்புறம் முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸுக்கான டி.டி. ஊசி. பாசி எடுக்கும்போது பாறையில் கிழித்த கால், கூடவே சர்க்கரை இருந்தால் புண் ஏன் ஆறுவதில்லை? வீட்டில் பார்த்த விஷயம் என்பதால் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

இன்னொன்று. வார்டில் படுத்திருப்பவர் இவர்களில் ஒருவருக்குச் சித்தியாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கலாம். கிளம்பும் முன்பே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: “உங்களுக்கு என்ன?” என்று கேட்கக் கூடாது, பார்த்ததை ஊரில் சொல்லக் கூடாது, போன் பள்ளியிலேயே இருக்கட்டும். தெரிந்தவர் இருந்தால் அந்தக் குழுவை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கவுன்சிலிங் வழிகாட்டி:
படிப்பு விவரத்தையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு; இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது. தமிழ்நாட்டு அரசு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கவுன்சிலிங்கில் நிரம்புகின்றன. நர்சிங் டிப்ளமோ 3 ஆண்டு, ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு) 2 ஆண்டு. பி.எஸ்சி.யில் பையன்களும் சேரலாம் என்பதை மேடையில் சொல்வதைவிட, ஒரு ஆண் செவிலியரை அந்த 14 பேரோடு அரைமணி பேச வைத்தால் போதும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் உண்டு.

எச்சரிக்கை ஒன்று: ஆறு மாதம், ஒரு வருடச் சான்றிதழை “நர்சிங்” என்று விற்கும் இடங்கள் இருக்கின்றன. அதை வைத்துத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாமல் செவிலியராக வேலை பார்க்க முடியாது. கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. இதைப் பெற்றோர் காதிலும் போடுங்கள்.

மண்டபம் டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகவே வைக்கிறேன், அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை சுகாதார நிலையத்துக்கும். ரத்தம் பார்த்து யாராவது மயங்கினால்?

வார்டு சிஸ்டர்:
ரத்தத்தைவிட வெறும் வயிறும் புழுக்கமும் நெடுநேரம் நிற்பதும்தான் பெரும்பாலும் காரணம். சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். முழங்காலை விறைத்து நிற்க வேண்டாம். முகம் வெளுத்து வியர்த்தால் உடனே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், தாங்கிப் பிடித்து நிற்க வைக்காதீர்கள். ரப்பர் செருப்பு ஈரத் தரையில் வழுக்கும். ஷூ இல்லாதவர்களுக்குப் பின்பட்டை வைத்த செருப்பாவது இருக்கட்டும். காய்ச்சலோ அம்மையோ உள்ள பிள்ளையை அன்று கூட்டிவராதீர்கள், அடுத்த குழுவோடு அனுப்பலாம். அப்பா கடலுக்குப் போயிருந்தால் சம்மதக் கையெழுத்து தாமதமாகும். படிவத்தை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.