லாகருக்கு ஒரே சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

செக் நாட்டின் பில்சென் நகரத்துப் பீர் ஆலையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். லாகர் என்ற சொல் வந்ததும் கை நின்றுவிட்டது. என்னிடமுள்ள அகராதி "ஒருவகை பீர்" என்பதோடு முடித்துக்கொள்கிறது. பொன்னிறமாக இருப்பதால் "பொன்மது" என்று போடலாமா?

*

> பொன்மது என்று போடலாமா?

வேண்டாம் நண்பரே. நிறத்தை வைத்துப் பெயரிட்டால் பிராகில் 1499 முதல் இருந்துவரும் ஊ ஃப்ளெக்கூ என்ற மதுக்கூடத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அங்கே காய்ச்சுவதும் லாகர் வகைதான், ஆனால் நிறம் கருப்பட்டிக் காப்பி போல இருக்கும். பீரின் நிறம் மால்ட்டைப் பொறுத்தது. முளைகட்டிய பார்லியை மிதமான சூட்டில் உலர்த்தினால் வெளிர் மால்ட், நன்றாக வறுத்தால் கறுப்பு மால்ட். லாகர் என்பது வேறு சங்கதி.

பில்சென் கதையிலேயே அது தெரியும். 1295இல் இரண்டாம் வாட்ஸ்லாவ் மன்னர் ஊரை நிறுவியபோதே அங்குள்ள குடிகளுக்குப் பீர் காய்ச்சும் உரிமை கிடைத்தது. உரிமை இருந்ததே தவிர, தரம் ஒரே சீராக இல்லை. வெதுவெதுப்பில் நொதித்த அந்தக் காலத்துப் பீர் எளிதில் புளித்துக் கெட்டது. 1838இல் 36 பீப்பாய்ப் பீரை நகர மன்றத்துக்கு எதிரிலேயே கொட்டிவிட்டார்கள். கோபம் அதோடு போகவில்லை, உரிமையுள்ள குடிகள் எல்லாரும் சேர்ந்து பொதுவில் ஒரு புது ஆலையைக் கட்டினார்கள். ஜெர்மனியில் உள்ள பவேரியாவின் ஃபில்ஸ்ஹோஃபன் ஊர்க்காரரான யோசஃப் குரோல் காய்ச்சுநராக வந்தார். உப்புக் குறைந்த மென்னீர், மொராவியப் பார்லி, கசப்புக்கும் மணத்துக்கும் ஷாடெட்ஸ் ஊர் ஹாப்ஸ் பூ, இவற்றோடு குளிரில் நொதிக்கவிடும் பவேரிய முறை. 1842 அக்டோபர் 5இல் முதல் காய்ச்சல், நவம்பர் 11இல், அதாவது புனித மார்ட்டின் நாளில், ஊராருக்குப் பரிமாறினார்கள். நடுவிலிருந்த ஐந்து வாரமும் பீர் குளிரில் நொதித்துக் கிடந்தது.

அந்தக் "கிடந்தது"தான் நமக்கு வேண்டியது. ஜெர்மனில் லாகர் என்றால் கிடங்கு, சேமிப்பு. செக் மொழியில் இதற்கு லெஜாக் என்று பெயர், "கிடத்தல்" என்னும் வினையிலிருந்து வந்தது. பில்செனில் மணற்பாறையைக் குடைந்து சுமார் 9 கிலோமீட்டருக்கு நிலவறைகள் வெட்டியதும் பீர் குளிரில் கிடப்பதற்காகத்தான். ஆகவே என் பரிந்துரை "கிடைபீர்".

ஆனால் லாகர் என்று கண்ட இடமெல்லாம் இதையே போட்டுவிடாதீர்கள். உலக வழக்கில் லாகர் என்பது ஈஸ்ட் அடியில் படியும் பீர்வகை முழுவதையும் குறிக்கிறது. செக் சட்டத்தில் லெஜாக் என்றால் 11, 12 டிகிரிப் பீர் மட்டுமே (டிகிரி என்பது இங்கே வெப்பமல்ல, நொதிக்கும் முன் மால்ட் சாற்றிலுள்ள கரைபொருளின் அளவு). அதே ஈஸ்டில் நொதித்த 10 டிகிரிப் பீருக்கு அங்கே வேறு பெயர். பெருவகைக்கு "அடிநொதி பீர்" என்று வைத்துக்கொள்ளலாம். நொதிப்பு என்னவோ தொட்டி முழுக்கத்தான் நடக்கிறது, ஈஸ்ட் கடைசியில் அடியில் படிகிறது, அவ்வளவுதான். அந்த வகையில் குறையுள்ள பெயர் என்றாலும், ஈஸ்ட் மேலே மிதக்கும் "மேல்நொதி" வகைக்கு எதிர்ச்சொல்லாக நன்றாக நிற்கும். ஊ ஃப்ளெக்கூவின் 13 டிகிரிக் கறுப்பு அடிநொதி, ஆனால் சட்டப்படி லெஜாக் ஆகாது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எழுத முடியாது.

*

இரண்டு சொல் வேண்டும் என்பது சரி தம்பி. கிடைபீர்தான் இடிக்கிறது. யாராவது ஒற்றுப் போட்டு எழுதினால் "கிடைப்பீர்" என்று வினைமுற்றாகிவிடும்! கிடைக்கோடு, கிடைத்தளம் என்று பள்ளியில் படித்த பிள்ளைகள் பாட்டிலைப் படுக்கவைப்பது என்று நினைக்கவும் இடமுண்டு. குளிரில் கிடக்கக் கிடக்கப் பீர் தெளிகிறது அல்லவா? தெளிந்த கள்ளுக்குச் சங்கப் புலவர்கள் வைத்த பெயர் தேறல். அதை ஏன் எடுக்கக் கூடாது?

*

ஐயா, "கிடைப்பீர்" எனக்குத் தோன்றவே இல்லை, சிரித்துவிட்டேன். தேறல் அழகான சொல்தான். ஆனால் பில்சென் நிலவறையில் மரப்பீப்பாயிலிருந்து வடிகட்டாமல் பிடித்துத் தரும் லெஜாக் கலங்கலாகவே இருக்கும். அதைத் தேறல் என்றால் பொருளே தலைகீழாகிவிடும். பீரை விட்டுவிட்டுக் "கிடைமது" என்போமா? ஒற்றுச் சிக்கல் இல்லை. இலங்கைப் பாடநூல்களில் ஈஸ்டுக்கு மதுவம் என்ற வழக்கு இருப்பதால் அதோடும் இணங்கும். கிடைக்கோடு, கிடைத்தளம் என்ற குழப்பத்தை, சொல் முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் எழுதித் தீர்த்துக்கொள்ளலாம்.

கட்டுரை எழுதும் நண்பருக்கு இன்னொன்று. அந்த 12 டிகிரியைத் தயவுசெய்து சதவீதமாக்கிவிடாதீர்கள். நொதிக்கும் முன் 100 கிராம் மால்ட் சாற்றில் 12 கிராம் கரைபொருள் இருக்கிறது என்பதே கணக்கு, பிராகில் பாலிங் என்ற வேதியியலாளர் வகுத்த அளவை. பில்சென் பீரில் ஆல்கஹால் 4.4 சதவீதம்தான். "12 பாகைக் கிடைமது" என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஆல்கஹால் அளவைத் தனியாகக் கொடுங்கள்.