அம்மாவுக்கு வாசித்துக் காட்ட: குடும்பம், விசுவாசம், மன்னிப்பு பற்றிய நாவல் சொல்லுங்கள்

தாம்வே மகள்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ரங்கூனில் தாம்வே பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ராத்திரி கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். பைபிள் அதிகாரம் முடிந்ததும் "கதை ஏதாவது வாசி" என்பார்.

குடும்ப விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எந்தப் புத்தகம் பொருந்தும் என்று உங்களுக்குத் தெரியும். 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் தாத்தாவும் பாட்டியும் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அம்மா அப்போது சின்னப் பிள்ளை, காய்ச்சலில் கிடந்தாராம். அத்தை வீட்டில் விட்டு, "அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறோம்" என்று போனவர்கள் கூப்பிடவே இல்லை. இப்போது பெரியம்மா திருச்சிப் பக்கம் இருக்கிறார். வாட்ஸப்பில் அழுது அழுது குரல் அனுப்புகிறார். அம்மா கேட்பார், பதில் போடமாட்டார்.

எங்கள் சபையில் கைமாறுகிற கதைப் புத்தகங்களில் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் முழங்கால் போட்டு அழுது ஒன்றாகிவிடுகிறார்கள். அம்மா "மூடி வை" என்று சொல்லிவிட்டார். பிரசங்கம் பண்ணாத நல்ல நாவல் இருந்தால் சொல்லுங்கள். தமிழில் இருந்தால் நல்லது.

மோல்மேன் அண்ணன்:
தங்கச்சி, 'ஏழை படும் பாடு' கிடைத்தால் விடாதீர்கள். விக்டர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் கொடுத்தது. பிஷப்பின் வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு போனவனைப் போலீஸ் பிடித்துக் கொண்டுவருகிறது. பிஷப்போ, "இதையும்தானே கொடுத்தேன், விட்டுவிட்டுப் போய்விட்டாயே" என்று வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் எடுத்துக் கொடுக்கிறார். எங்கள் வீட்டில் எத்தனை தடவை வாசித்தாலும் அந்த இடத்தில் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

பெகு வாத்தியார்:
மகளே, அண்ணன் சொன்ன புத்தகம் அருமையானதுதான். ஆனால் பிஷப்புக்கு அந்தத் திருடன் யாரோ ஒருவன். உங்கள் அம்மாவுக்குக் காயம் சொந்த ரத்தத்தில் வந்தது. அதனால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' வாசியுங்கள் என்பேன். 1964-இல் வந்த நாவல். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: அந்த அம்மையார் சிறு வயதில் நம் பர்மாவில் வளர்ந்தவர். போர்க்கால பர்மாவை வைத்து 'மா-னீ' என்றே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அது கைக்கு எட்டுவது சிரமம். 'புத்தம் வீடு' காலச்சுவடு பதிப்பாக வந்திருக்கிறது.

கதை கன்னியாகுமரிப் பக்கத்துப் பனைவிளை என்ற ஊரில் நடக்கிறது. பெருமை மட்டும் மிஞ்சிய ஒரு பழைய கிறிஸ்தவக் குடும்பம். கண்ணப்பச்சி என்கிற தாத்தா, அவர் பேத்தி லிஸி. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவள் மனசு போவது பனையேறி வீட்டுப் பையன் தங்கராஜிடம். வேதம் வாசிக்கிற, கோயிலுக்குப் போகிற வீடுதான், ஆனால் பனையேறி என்றால் வாசலோடு சரி. பிறகு ஒரு கொலை விழுந்து, பழி தங்கராஜ் மேல் வருகிறது. யார் செய்தது என்று நான் சொல்லமாட்டேன், அம்மாவே கேட்டுக்கொள்ளட்டும். லிஸி யாரையும் எதிர்த்துக் கத்துகிறவள் இல்லை, விட்டுக்கொடுத்துவிடுகிறவளும் இல்லை. நான் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து இந்தப் பெண்ணை மறந்ததில்லை.

இன்னொன்று ஆங்கிலத்தில் இருக்கிறது, நீங்கள் வாசித்துவிட்டுத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். ஆலன் பேட்டன் 1948-இல் எழுதிய 'க்ரை, த பிலவட் கன்ட்ரி'. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மலைக்கிராமத்துக் கறுப்பினப் பாதிரியார் குமலோ, காணாமல் போன மகனைத் தேடி ஜோகன்னஸ்பர்க் போகிறார். மகன் ஒரு வெள்ளைக்காரரைச் சுட்டுக் கொன்றிருக்கிறான். செத்தவரின் அப்பா ஜார்விஸ், குமலோவின் பக்கத்து மலைக்காரர்.

அந்த இரண்டு அப்பன்மாரும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. குமலோ ஊர்க்காரர் ஒருவரின் மகளை விசாரிக்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். திறப்பவர் ஜார்விஸ். குமலோவுக்குக் கை நடுங்குகிறது, நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிடுகிறார். ஜார்விஸுக்கு ஒன்றும் புரியவில்லை, ஏதோ உடம்பு சரியில்லாத கிழவர் என்று நினைக்கிறார். கேட்டுக் கேட்டுத்தான் வார்த்தை வெளியே வருகிறது: என் மகன்தான் உங்கள் மகனைக் கொன்றவன். ஜார்விஸ் தோட்டத்துக்குள் நடந்து போகிறார், திரும்பி வருகிறார். கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் இல்லை. பல நாள் கழித்து அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பால் வந்து இறங்குகிறது. அனுப்புகிறவர் ஜார்விஸ். மகன் தூக்கிலிருந்து தப்பவில்லை, செத்தவர் திரும்பவில்லை, ஆனால் பால் வருகிறது. உங்கள் அம்மா இதைப் பொய் என்று சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

தன்லின் நர்ஸ்:
தங்கச்சி, நான் ஒரு வார்த்தை சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியம்மாவோடு பேச வைப்பதற்காக வாசித்தால் அம்மாவுக்கு அது உடனே தெரிந்துவிடும். விட்டுப்போனது பெரியவர்கள், விடப்பட்டது குழந்தை. பெரியம்மாவும் அன்று குழந்தைதானே என்பதை அம்மாதான் தானாக நினைத்துப் பார்க்கவேண்டும்.

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' வாசியுங்கள். 1899-இல் வந்தது, தமிழில் இருக்கிறது. நெஹ்லூதவ் என்கிற பிரபு ஒரு காலத்தில் கெடுத்துவிட்டுப் போன கத்யூஷா என்கிற பெண், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். அவன் ஜூரியில் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்காகச் சைபீரியா வரைக்கும் போகிறான், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அவள் மன்னித்துவிடுகிறாள், ஆனால் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. மன்னிக்கிற கிறிஸ்தவப் பெண் பழையபடி ஒட்டிக்கொள்ளவும் வேண்டும் என்று நம் சபைகளில் நெருக்குகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பெரிய புத்தகம், சிறைச்சாலைப் பகுதிகள் நீளம். தேர்ந்தெடுத்து வாசியுங்கள்.

தாம்வே மகள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸ் அக்கா, நீங்கள் சொன்னது உண்மைதான், பேச வைக்கவேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்தது. வாத்தியார் ஐயா, 'புத்தம் வீடு' முதலில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பேச்சுத் தமிழ் குமரிப் பக்கத்துத் தமிழாக இருக்குமே, இங்கேயே பிறந்து வளர்ந்த அம்மாவுக்குப் புரியுமா?

பெகு வாத்தியார்:
முதல் இரண்டு அத்தியாயம் கொஞ்சம் இழுக்கும், மகளே. உரையாடல் வருகிற இடத்தில் வேகத்தைக் குறைத்து, யார் பேசுகிறார் என்று பெயரைச் சொல்லி வாசியுங்கள். காதில் விழுந்துவிட்டால் பிறகு தானாகப் போகும். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, அட்டை பிய்ந்தது, பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. ரங்கூன் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். எந்த பஸ் கேட்டில் (பஸ் நிற்கிற இடத்தில்) வந்து வாங்கிக்கொள்வீர்கள் என்று தனிச்செய்தியில் எழுதுங்கள்.