முயல் கூட்டுக்கு அடியில் என்ன விரிக்கலாம்? கம்பி வலையில் கால் சிவக்கிறது

கொக்குவில்_வளவு:
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்காக இரண்டு முயல் வளர்க்கிறோம், இரண்டும் பெட்டை. கூடு இரும்பு ஒட்டு வேலை (வெல்டிங்) செய்பவரிடம் சொல்லிச் செய்வித்தது. நாலடி நீளம், இரண்டடி அகலம், அடி முழுக்கக் கம்பி வலை. புழுக்கை கீழே விழுந்துவிடும், கழுவுகிற வேலை இருக்காது என்றார். புழுக்கை விழுகிறது, உண்மைதான். ஆனால் பெரியவளின் பின்னங்கால் குதியில் மயிர் கொட்டி, பெருவிரல் நகமளவுக்குத் தோல் சிவந்து தெரிகிறது. மூத்திர நெடி தாங்காமல் மாமி கூட்டைக் கிணற்றடிக்குத் தள்ளிவிட்டார்.

மரக்காலையில் ஒரு உரப்பை மரத்தூள் சும்மா தருவதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அண்ணை உமி போடச் சொல்கிறார். பூனைக்குப் போடும் மணல் நல்லது என்று முகநூலில் ஒருவர் எழுதியிருந்தார். இதில் எதை விரிப்பது?

கோண்டாவிலான்:
வலையைக் கழற்றிவிட்டு அரை அங்குல இடைவெளியில் பனஞ்சிலாகை, அதாவது பனை மரத்துச் சட்டம் அடியுங்கள். எங்கள் ஆட்டுக் கொட்டிலுக்கு அப்படித்தான். ஆயுசுக்கும் கிடக்கும்.

சுன்னாகம்_அன்ரி:
பிள்ளை, முதலில் காலைக் கவனி. நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் தடித்த சதை இருக்கிறது. முயலுக்கு அது இல்லை, மயிர் மட்டும்தான். மயிர் தேய்ந்தால் அடுத்தது தோல், அதற்குக் கீழே எலும்புக்கு அதிக தூரமில்லை. சிவப்பு மட்டும் என்றால் அடியை மாற்றினாலே ஆறிவரும். வெடித்திருந்தால், பொருக்குக் கட்டியிருந்தால், காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் மிருக வைத்தியரிடம் கொண்டு போ. வீட்டில் கிடக்கும் களிம்பைப் பூசாதே, நக்கி விழுங்கிவிடும். நகத்தையும் பார். நகம் நீண்டுவிட்டால் விரல் மேலே எழும்பி, பாரம் முழுக்கக் குதியில் இறங்கும்.

தம்பி கோண்டாவிலான், ஆட்டுக்குச் சரி, அதற்குக் குளம்பு இருக்கிறது. பனஞ்சிராய் ஏறினால் என்ன பாடு என்று கூரை வேலை செய்த ஆரையும் கேட்டுப் பார். முயலின் காலில் ஏறினால் ஊசி வைத்து எடுக்கும் மட்டும் அது இருந்து கொடுக்குமா?

எல்லோரும் விரிப்பதற்கு ஒரே சாமானைத் தேடுகிறீர்கள். முயல் படுக்கும் இடம் வேறு, மூத்திரம் பெய்யும் இடம் வேறு. அது தானாகவே ஒரு மூலையைப் பிடித்து வைத்திருக்கும். எந்த மூலை என்று கூட்டுக்குக் கீழே நிலத்தைப் பார், வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த மூலைக்கு உறிஞ்சுகிற சாமான் வேண்டும், மிச்ச இடத்துக்குக் காலுக்கு இதமான சாமான் வேண்டும்.

மூலைக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின் வை, விளிம்பு நாலு அங்குலம் போதும். அடியில் பழைய பேப்பர் நாலைந்து தாள், மேலே கை நிறைய வைக்கோல். புல்லுக் கட்டையும் பேசினுக்கு மேலேயே தொங்கவிடு. முயல் தின்றபடியே புழுக்கை போடும், அதனால் இந்தப் பழக்கம் சீக்கிரம் பிடிபடும். காலையில் பேப்பரோடு சுருட்டி எடுத்தால் வேலை முடிந்தது. நெடிக்கு இதைவிட மருந்தில்லை, ஏனென்றால் மணப்பது மூத்திரத்திலிருந்து எழும்பும் அமோனியா. அது மாமியின் மூக்கைவிட முயலின் மூக்குக்குத்தான் கேடு. சளி பிடித்துத் தும்மத் தொடங்கினால் பிறகு லேசில் விடாது.

படுக்கும் இடத்துக்கு வலையை வெட்ட வேண்டாம். முக்கால்வாசிக்குப் பலகை இறக்கி, அதன் மேல் பனையோலைப் பாய் போடு. சாயம் போடாத பாய். கடிக்காமல் விடாது, வெறும் ஓலை வயிற்றுக்குள் போனால் பரவாயில்லை, சாயம் போகக்கூடாது. பின்னல் காலுக்குப் பிடி கொடுக்கும், கழுவி வெயிலில் போட்டால் கெதியில் காயும். ஒன்று கூட்டிலும் மற்றது கொடியிலுமாக இரண்டு வைத்திரு. கரையிலிருந்துதான் பிரித்துத் தின்னத் தொடங்கும். கரையைப் பலகைக்கு அடியில் மடித்துவிட்டால் கொஞ்ச நாள் கூட நிற்கும்.

மரக்காலைத் தூளில் என்னென்ன மரம் கலந்தது என்று அங்கே நிற்கிறவர்களுக்கே தெரியாது. பைன், தேவதாரு மாதிரி வாசமான மரமென்றால் அந்த ஆவி ஈரலுக்கு ஆகாது. மாவு மாதிரியான தூள் எந்த மரத்ததென்றாலும் மூக்கில் ஏறும். உமியும் தூசிதான். தச்சுப் பட்டறையில் சீவுளிச் சுருள் கிடைத்து, மருந்தடிக்காத மரம் என்று நிச்சயமானால் பேசினில் மட்டும் போடு. பூனை மணல் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கட்டிபடுகிற களிமண் அது, குடலுக்குள்ளும் அப்படியே கட்டிபடும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது.

வடமராட்சி_பண்ணை:
அன்ரி சொல்வது சரி. ஆனால் வலையே கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பண்ணைகளில் அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண், 14 கேஜ் தடிப்புக் கம்பி வலையில் வளர்க்கிறார்கள், இளைப்பாற ஒரு பலகையும் உள்ளே கிடக்கும். கோழிக் கூட்டுக்கு அடிக்கிற மெல்லிய அறுகோண வலைதான் ஆபத்து, காலை அறுத்துவிடும். உங்களுடையது எது? ரெக்ஸ் இனமென்றால் பாதத்து மயிரே கட்டை, அதற்கு வலை ஒத்துவராது.

ஸ்காபரோ_மீனாட்சி:
இங்கே நாங்கள் வீட்டுக்குள் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற தடித்த துணி விரிக்கிறோம், மூலைத் தட்டில் கடதாசிக் குளிகை. துவைத்துத் துவைத்துப் பாவிக்கலாம். அங்கே கிடைக்குமா தெரியாது.

கொக்குவில்_வளவு:
அன்ரி, எல்லோருக்கும் நன்றி. வலை அந்த அறுகோண வலைதான். ரெக்ஸ் இல்லை, சாதாரண வெள்ளை முயல். பலகையும் பேசினும் இன்றைக்கே வைத்தேன். இரண்டு கேள்வி. அந்த வெள்ளைப் படிவு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை, பிளீச்சிங் ஊற்றலாமா? மற்றது, நேற்று மூத்திரம் சிவப்பாக இருந்தது. மகள் அழுதுவிட்டாள்.

சுன்னாகம்_அன்ரி:
பிளீச்சிங் ஊற்றாதே பிள்ளை. மூத்திர அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுப் புகை வரும், உனக்கும் கூடாது. அந்த வெள்ளை சுண்ணாம்பு. முயல் தின்பதில் உள்ள கல்சியத்தில் மிஞ்சுவதை மூத்திரத்தோடுதான் வெளியேற்றும். எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரே கேத்தலில் சுண்ணாம்பு படிகிற தண்ணீர், அதோடு நீ முருங்கை இலையும் கட்டுக் கட்டாகப் போடுவாய் என்று நினைக்கிறேன். முருங்கையைக் குறைத்து அறுகம்புல்லைக் கூட்டு. படிவுக்கு வினாகிரி ஊற்றி அரை மணித்தியாலம் விட்டுத் தேய், நுரைத்துக் கழன்றுவிடும். பிறகு நன்றாக அலசி வெயிலில் வை.

சிவப்பு அநேகமாகத் தின்ற இலையின் நிறம். பீற்றூட், கரட் கொடுத்தாயா? ஒன்றிரண்டு நாளில் மாறிவிடும். மாறாவிட்டாலோ, முக்கி முக்கிப் பெய்தாலோ வைத்தியரிடம் காட்டு. பெட்டை முயலுக்குக் கர்ப்பப்பையிலிருந்தும் இரத்தம் வருவதுண்டு, அதைச் சும்மா விடக்கூடாது.

கூட்டைக் கிணற்றடியிலிருந்து எடுத்துவிடு என்று மாமிக்குச் சொல். ஈரம், நுளம்பு ஒருபுறம். நிலம் சுண்ணாம்புக்கல், பெய்வதெல்லாம் இறங்கி நீங்கள் குடிக்கிற கிணற்றுக்குத்தான் போகும். மாமர நிழல் நல்லது. சித்திரை, வைகாசி வெக்கையில் ஒரு ரைல்ஸ் துண்டை நனைத்து உள்ளே வை, அதன் மேல் நீட்டிப் படுத்துவிடும். முப்பது பாகைக்கு மேலே போனால் முயல் அவிந்துபோகும். அதனால் மீனாட்சி, ஃபிளீஸ் உங்கள் குளிருக்குச் சரி, இங்கே வேண்டாம்.

மாரியில் வைக்கோலை மணந்து பார்த்துப் போடு, பூஞ்சணம் மணந்தால் மாட்டுக்கும் போடாதே. மழை நாளில் பின்பக்க மயிரைத் தினமும் விரித்துப் பார். நனைந்து அழுக்காகக் கிடந்தால் இலையான் முட்டையிடும், ஒரு நாளிலேயே புழு வந்துவிடும். அதற்குக் காத்திருக்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரி.

கோண்டாவிலான்:
அன்ரி, சிலாகையை விட்டாச்சு. சாயம் போடாத பாய் எங்கே வாங்கலாம்? கடைகளில் எல்லாம் சிவப்பும் பச்சையுமாகத்தான் கிடக்கிறது.

சுன்னாகம்_அன்ரி:
அலங்காரச் சாமான் கடைக்குப் போனால் அப்படித்தான். சந்தையில் கடகம், சுளகு விற்கிற ஆக்களிடம் கேள் தம்பி. ஒடியல் காயப்போடுகிற பாய் என்று சொன்னால் விளங்கும். பெரிய பாயாக வாங்கி வெட்டினால் பின்னல் கழன்றுவிடும், கூட்டின் அளவைச் சொல்லிப் பின்னுவித்து எடு.