குறுக்கீட்டுச் சுணக்கமா, துலங்கல் நேரமா?

வணக்கம்.

> கலைச்சொல் பட்டியலில் 'இன்ரரப்ற் லேற்றன்சி'க்குக் 'குறுக்கீட்டு உள்ளுறை நேரம்' என்று போடலாமா?

வேண்டாம். அது 'ஒளிந்திருத்தல்' என்ற வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த பெயர்ப்பு. வெப்பம் ஒளிந்திருப்பதால் இலங்கையில் நாம் மறைவெப்பம் என்கிறோம், தமிழகத்தார் உள்ளுறை வெப்பம் என்கிறார்கள், பொருந்துகிறது. இங்கே எதுவும் ஒளிந்திருக்கவில்லை. செய்யும் வேலையை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை (அதுதான் குறுக்கீடு) வந்துவிட்டது, செயலி இன்னும் கையாளிக்குள், அதாவது அதைக் கவனிக்கும் நிரல்துண்டுக்குள், நுழையவில்லை, அவ்வளவுதான். அதற்கு யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இருக்கிறது: சுணக்கம். 'சுணங்காமல் வா' என்றால் யாருக்கு விளங்காது? 'தாமதம்' என்பதை நிரலர் வேண்டுமென்றே புகுத்தும் காத்திருப்புக்கு விட்டுவிடலாம்.

சொல்லைவிடப் பெரிய சிக்கல், ஒரே பெயரில் மூன்று இடைவெளிகளை அளந்து ஒப்பிடுவது. சில்லின் உள்ளீட்டு முனையில் சமிக்ஞையின் விளிம்பு ஏறியதிலிருந்து கையாளியின் முதல் கட்டளை வரை: குறுக்கீட்டுச் சுணக்கம். அதே விளிம்பிலிருந்து வெளியே வேண்டிய செயல் நடக்கும் வரை: துலங்கல் நேரம். தூண்டல், துலங்கல் என்ற சோடி உயிரியலில் ஏற்கெனவே பழகியதுதான். அதே விளிம்பிலிருந்து, கையாளி எழுப்பிய பணி ஓடத் தொடங்கும் வரை: பணி விழிப்புச் சுணக்கம். லினக்ஸில் சைக்ளிக்ரெஸ்ற் என்ற சோதனை நிரல் காட்டுவது இந்த மூன்றாவது வகையை. டைமர் முடிந்ததிலிருந்து நூல் (திரெட், அதாவது பணி) விழிக்கும் வரை. அந்த எண்ணைக் கொண்டுவந்து முதலாவதன் பக்கத்தில் வைப்பது பிழை.

கோர்டெக்ஸ்-எம்3 என்ற செயலிக் கருவுக்கு 12 கடிகாரச் சுற்று என்று சொல்வது காத்திருப்பில்லாத நினைவகத்துக்கு. 72 மெகாஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ 167 நானோசெக்கன். அந்தக் கரு உள்ள எஸ்ரிஎம்32எஃப்103 சில்லில் அந்த வேகத்துக்கு ஃபிளாஷ் 2 காத்திருப்புச் சுற்று கேட்கும், ஆகவே முனையில் தெரிவது இதைவிடக் கூடத்தான் இருக்கும்.

அளக்கும்போது சமிக்ஞைப் பிறப்பாக்கியின் சதுர அலையைக் குறுக்கீட்டு முனைக்கும் அலைவுகாட்டியின் முதல் தடத்துக்கும் கொடுங்கள். கையாளியின் முதல் வரியிலேயே வெளியீட்டு முனையை உயர்த்தி, இரண்டாம் தடத்தில் பாருங்கள். பதிவகத்தில் நேரடியாக எழுத வேண்டும். நூலகச் சார்புகளூடாகப் போனால் அவற்றின் சுற்றுகளும் சேர்ந்துவிடும். பழைய தடங்கள் அழியாமல் திரையில் தேங்கட்டும். சராசரி இங்கே எதற்கும் உதவாது, வலது கோடியில், மிகப் பிந்தி விழுந்த தடம்தான் விடை.

அலைக்கு 100 ஹேர்ட்ஸ் வைக்காதீர்கள். முறைமையின் ரிக் (இயங்குதளத்தின் ஒழுங்கான டைமர் குறுக்கீடு) 1000 ஹேர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு விளிம்பும் ரிக்கின் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழும். ரிக் கையாளி குறுக்கீட்டை மூடிவைக்கும் பகுதி கண்ணில் படாமலே போகும். 97.3 போல ஒட்டாத எண் நல்லது.

---

இதற்கு வந்த மறுமொழி: துலங்கல் நேரத்தில் எனக்கு மறுப்பில்லை. சுணக்கத்தில்தான் ஒரு நெருடல். தமிழகப் பத்திரிகைகளில் 'பணிகளில் சுணக்கம்' என்றால் மெத்தனம். வன்பொருள் எடுக்கும் 12 சுற்று யாருடைய மெத்தனமும் அல்லவே? ஆனாலும் உள்ளுறையைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதால் ஏற்கிறேன். கூடவே 'ஆகக்கூடிய சுணக்கம்' என்றும், மிகக் குறைந்ததற்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டுக்குச் 'சுணக்கத் தளம்பல்' என்றும் சேர்க்கலாம். 'நடுக்கம்' வேண்டாம், குளிர்காய்ச்சல் நினைவுக்கு வருகிறது.

வரைவிலக்கணத்தில் முன்னுரிமையையும் எழுதுங்கள். ஃபிரீஆர்ரிஓஎஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம், இடையில் குலைக்கக்கூடாத முக்கிய பகுதிக்குள் நுழைந்தால், குறித்த எல்லையிலும் அதற்குக் கீழும் உள்ள குறுக்கீடுகள் மட்டுமே மூடப்படும். எல்லை 5 என்றால், 4ஆம் எண் குறுக்கீட்டை அது தொடாது. கோர்டெக்ஸில் எண் சிறிதானால் முன்னுரிமை பெரிது. அதற்கு விலையாக அந்தக் கையாளிக்குள்ளிருந்து முறைமையின் சார்புகளை அழைக்க முடியாது. 4இல் அளந்த எண்ணை 6க்குச் சொன்னால் ஆகக்கூடிய சுணக்கம் என்ற சொல்லே பொய்யாகும்.

செயலியின் சுற்று எண்ணியால் மட்டும் அளந்ததை 'சுணக்கம்' என்று எழுத வேண்டாம். அந்த எண்ணியைக் கையாளி தொடங்கிய பிறகுதான் வாசிக்கிறோம். விளிம்பு வந்த கணம் அதற்குத் தெரியாது. அதே விளிம்பை டைமரின் உள்ளீட்டுப் பிடிப்பு முனைக்கும் கொடுத்து, பிடித்த எண்ணையும் வாசித்த எண்ணையும் கழித்தால் சரி.

நொடிக்கு 24 மில்லியன் மாதிரி எடுக்கும் மலிவு லொஜிக் அனலைசரும் விழிப்புச் சுணக்கத்துக்குத்தான் போதும். அதன் ஒரு மாதிரி 41.7 நானோசெக்கன், மேலே சொன்ன 167 நானோசெக்கனுக்குள் நாலே நாலு மாதிரிதான் விழும்.