கண்ணில் பிரஷர் என்றார்கள், அப்பா ஊறுகாயை நிறுத்தினார்

போன வருஷம் கண்ணாடி மாற்ற அப்பாவைக் கூட்டிப்போனேன். கண்ணில் காற்று ஊதும் மெஷினில் பார்த்துவிட்டு, "பிரஷர் இருக்கு, சொட்டு மருந்து எழுதியிருக்கேன், விடாமப் போடுங்க" என்றார் டாக்டர். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிரஷர் என்றால் அப்பாவுக்கு ரத்தக்கொதிப்புதான். அன்றோடு ஊறுகாயும் அப்பளமும் போச்சு. "மாத்திரைதான் தினம் போடுறேனே, அப்புறம் சொட்டு எதுக்கு?" என்று முதல் பாட்டிலோடு மருந்தை நிறுத்திவிட்டார். நானும் கேட்கவில்லை. வலி இல்லை, கண் சிவக்கவில்லை, பேப்பர் படிக்கிறார். அடிக்கடி நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டதை வயசு என்று விட்டுவிட்டோம்.

எட்டு மாதம் கழித்து வேறு ஆஸ்பத்திரி. கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் பார்க்கவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது ஓரத்தில் வந்த புள்ளிகள் பலவற்றுக்கு அப்பாவின் விரல் அசையவே இல்லை. கிளாக்கோமா என்ற பேரை அங்கேதான் கேட்டோம். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்குமாம். 10 முதல் 21 வரை சாதாரணம், அப்பாவுக்கு 30. கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறு, இது வேறு. புரை என்றால் லென்ஸ் வைத்துப் பார்வையை மீட்கலாம். இதில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு. பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று என்னையும் தம்பியையும் வரச்சொன்னார்கள்.

* * *

எங்கள் அத்தைக்கு 'சதை' என்ற சொல்லால் குழப்பம். ஊரில் புரையையும் சதை என்பார்கள், வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் இறக்கை மாதிரி படர்வதையும் சதை என்பார்கள். வெயிலில் காட்டுவேலை செய்த அத்தைக்கு இரண்டுமே இருந்தன. படர்ந்ததை எடுத்தால் மங்கல் போய்விடும் என்று நம்பியிருந்தார். அது ஓரத்தோடு நின்றுவிட்டது, மங்கலுக்குக் காரணம் உள்ளே இருக்கிற புரை என்று முகாமில் சொன்னார்கள்.

* * *

எனக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு, சுகமாக இருந்தது. அப்புறம் கண் உறுத்தினாலே அதைத்தான் போட்டேன், இரண்டு மாதம். உள்ளே ஸ்டீராய்டு. அதனால் எனக்கும் கண் பிரஷர் 26க்கு ஏறியிருந்தது. நல்லவேளை, நிறுத்தியதும் சில வாரத்தில் இறங்கிவிட்டது. அந்தப் பாட்டிலை இன்னும் வைத்திருக்கிறேன், பேரைக் காட்டி அது வேண்டாம் என்று சொல்வதற்கு.