காரைக்குடியில் வேலை பார்த்துக்கொண்டே சிசிஎன்ஏ: கோச்சிங் போகாமல் முடியுமா?

மீனாள், பள்ளத்தூர்:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பக்கம் வேலை பார்க்கிறேன். கேபிள் இழுப்பது, கிரிம்ப் அடிப்பது, கேமராவுக்கு ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) கொடுப்பது, ரவுட்டர் மாட்டுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஏன் அந்த ஐபி, அதில் எதுவரை நெட்வொர்க் என்று காட்டும் மாஸ்க் ஏன் அது என்று வாடிக்கையாளர் கேட்டால் எனக்கு விளக்கத் தெரியவில்லை. அது தெரியாமல் இந்த வேலையில் மேலே போக முடியாது.

அப்பத்தாவை விட்டுவிட்டு மதுரையில் தங்கிப் படிக்க வழியில்லை. கடை அடைத்து வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும், அதற்கப்புறம் கிடைக்கிற நேரம்தான். லேப்டாப் 4 ஜிபி ராம். யூடியூபில் பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது. மறுநாள் நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு ஒன்றைப் போட்டால் கை நின்றுவிடுகிறது. நெட்வொர்க் வேலைக்கான சான்றிதழ்த் தேர்வுகளில் சிசிஎன்ஏ எழுதுவதா, நெட்வொர்க் பிளஸ் எழுதுவதா? தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்களே, நம் ஊரில் அது சரிப்படுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செல்வம், தேவகோட்டை:

இரண்டுக்குமே முன்தகுதி என்று எதையும் கட்டாயமாகக் கேட்பதில்லை. நெட்வொர்க் பிளஸ் காம்ப்டியா என்ற அமைப்பு நடத்துவது. எந்தக் கம்பெனியின் கருவியையும் சாராமல் பொதுவாகக் கேட்பார்கள், 90 நிமிடம். சிசிஎன்ஏ நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியினுடையது, 120 நிமிடம், கட்டளைகள் அத்துப்படியாக இருக்க வேண்டும். கட்டணம் 300 டாலர், வரி தனி. பாஸ் செய்தால் மூன்று வருடம் செல்லும். நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர் என்று வேலை தேடும்போது நான் பார்த்தவரை சிசிஎன்ஏ இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நேராக அதற்கே போங்கள்.

ஒரு விஷயம். தேர்வு எண் 200-301. சிஸ்கோ தளத்தில் அதன் பாடத்திட்டத்தை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து 1.1 பதிப்பு. 2020 பிப்ரவரிக்கு முந்தைய வீடியோக்கள் பழைய தேர்வுக்கானவை, அவற்றில் நேரத்தைப் போடாதீர்கள்.

கணேசன், கானாடுகாத்தான்:

மீனாள், உங்களுக்குக் கை வேலை தெரியும். நிறையப் பேருக்கு இல்லாத மூலதனம் அது. அதை விட்டுவிட்டு வீடியோவும் நோட்டும் என்று உட்கார்ந்தால் நிற்காது. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தின் நெட்வொர்க்கை பாக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் கட்டுங்கள். படிக்கிற ஒவ்வொரு பாடத்தையும் அதே நெட்வொர்க்கில் சேருங்கள். அப்புறம் வேண்டுமென்றே அதைக் கெடுத்து, நீங்களே கண்டுபிடியுங்கள். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு திறந்தால் பாக்கெட் ட்ரேசர் இலவசம், 4 ஜிபியில் ஓடும்.

நான் கட்டியது எங்கள் ஊரில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பழைய வீட்டை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். சுவர் கனத்துக்கு வைஃபை ஒரு கட்டைத் தாண்டி அடுத்த கட்டுக்குப் போகாது, கட்டுக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் வேண்டும். செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. தூணையும் துளை போட முடியாத சுவரையும் சுற்றிக்கொண்டு போனால் அந்த வீட்டில் 100 மீட்டர் பத்தாது. அதனால் நடுவில் ஃபைபர், இரண்டு முனையிலும் சுவிட்ச். விருந்தினருக்கு ஒரு விலான் (அதே கருவிகளில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), ஆபீசுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. கேமராவை விருந்தினர் பார்க்கக்கூடாது, அங்கே யார் எங்கே போகலாம் என்று சொல்லும் விதிப்பட்டியலான ஏசிஎல் வந்துவிடுகிறது. இப்படி ஒரு வீட்டுக்குள்ளேயே பாடத்திட்டத்தில் பெரும்பங்கு அடங்கிவிடும்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் விருந்தினர் சிலருக்கு வைஃபை சேர்கிறது, நெட் வரவில்லை. வர வேண்டிய ஐபி 10.10.20 என்று தொடங்கும். போனில் பார்த்தால் 192.168.1 என்று வந்திருக்கிறது. அப்படியானால் இன்னொரு டிஎச்சிபி சர்வர் உள்ளே உட்கார்ந்து ஐபி கொடுத்துக்கொண்டிருக்கிறது. லேப்டாப்பை அதே விலானில் சேர்த்து, வெளியே போகும் வழியாக அது காட்டிய கேட்வேயைப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று கேட்டு), எந்த ஐபிக்கு எந்தக் கருவி என்று காட்டும் ஏஆர்பி அட்டவணையில் அதன் மேக் முகவரியை, அதாவது கருவியின் வன்பொருள் எண்ணை, எடுத்தேன். சுவிட்சில் ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் என்ற கட்டளையைப் போட்டதும் எந்தப் போர்ட் என்று தெரிந்துவிட்டது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், இரண்டாங்கட்டில் யாரோ தங்கள் அறைக்கு வைஃபை வேண்டுமென்று பழைய வீட்டு ரவுட்டர் ஒன்றை எடுத்து, லேன் போர்ட்டில் வயரைச் சொருகி வைத்திருக்கிறார்கள். கழற்றினேன். அப்புறம் சுவிட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டு, சர்வர் இருக்கும் திசைப் போர்ட்டை மட்டும் நம்பச் சொன்னேன். மற்ற போர்ட்டில் யார் எதைச் சொருகினாலும் அது ஐபி கொடுக்க முடியாது.

ஏஆர்பி, மேக் அட்டவணை, விலான், டிஎச்சிபி, ஸ்னூப்பிங் எல்லாமே சிசிஎன்ஏ பாடம்தான். தனித்தனியாகப் படித்தால் அவை ஐந்து தலைப்பு. பழுது பார்க்கும்போது ஒன்று அடுத்ததற்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். பாக்கெட் ட்ரேசரில் இரண்டாவது டிஎச்சிபி சர்வர் ஒன்றை வைத்து இதையே செய்து பாருங்கள். விலான் எண்ணை மாற்றிவிட்டு ஏன் பிங் போகவில்லை என்று தேடுங்கள். ரவுட்டர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் பாடம் வந்ததும் ஒரு ரவுட்டரில் ஹலோ டைமரை (அண்டை ரவுட்டருக்கு ஹலோ சொல்லும் இடைவெளியை) மட்டும் மாற்றிவிட்டு, அண்டை உறவு ஏன் முறிகிறது என்று பாருங்கள். தேர்வில் ரவுட்டிங் பக்கத்துக்கு மட்டும் 25 சதவீதம், அதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள்.

மீனாள், பள்ளத்தூர்:

ரொம்ப நன்றி அண்ணே. எங்கள் கடையையும் மேலே உள்ள குடோனையும் வைத்தே கட்டிப் பார்க்கிறேன். சப்நெட்டிங்குக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள். பைனரியில் எழுதினால் வருகிறது, ஆனால் நேரம் போய்விடுகிறது.

கணேசன், கானாடுகாத்தான்:

பைனரி புரிந்துவிட்டதல்லவா, இனி அதை எழுத வேண்டாம். 192.168.10.77, ஸ்லாஷ் 26 (முதல் 26 பிட் நெட்வொர்க்குக்கு) என்று வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கின் கடைசி எண் 192. 256இல் 192 போனால் 64. ஆகவே நெட்வொர்க்குகள் 0, 64, 128, 192 என்று ஏறும். 77 எங்கே விழுகிறது? 64க்கும் 128க்கும் நடுவில். நெட்வொர்க் முகவரி 64, எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 127, நடுவில் 65 முதல் 126 வரை 62 கருவிகள். அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது மனசுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். ஸ்லாஷ் 24க்குக் கீழே போனால் இதே கணக்கு மூன்றாவது எண்ணில் நடக்கும். 172.16.37.200, ஸ்லாஷ் 20. போட்டுச் சொல்லுங்கள்.

வள்ளியம்மை, கோட்டையூர்:

தேர்வு நாளைப் பற்றி நான் சொல்கிறேன், சமீபத்தில்தான் எழுதினேன். தேர்வை நடத்தித் தரும் பியர்சன் வியூ நிறுவனம் மூலம் பதிய வேண்டும். பதியும்போது பெயரில் கவனம். நம் ஊர் வழக்கப்படி இனிஷியல் மட்டும் போட்டுவிடாதீர்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். காட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். அப்பா பெயர் ஒரு அட்டையில் முழுசாக, இன்னொன்றில் எழுத்தாக இருக்கும், பாருங்கள். எந்த அட்டை செல்லும் என்பதையும் அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து எழுதலாம், ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்பேன். தேர்வு முடியும்வரை அறைக்குள் யாரும் வரக்கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அப்பத்தா ஒரு தடவை கதவைத் திறந்து கூப்பிட்டால் போச்சு. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்டை நிறுத்தும் நாள் வேறு உண்டு. தளத்தில் ஊரைப் போட்டால் பக்கத்தில் உள்ள மையங்களைக் காட்டும், அங்கே போய் எழுதுங்கள்.

உள்ளே ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்ப வர முடியாது. நம் பள்ளிப் பரீட்சைப் பழக்கத்தில் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கட்டளை அடிக்கச் சொல்லும் கேள்விகள் நேரத்தைத் தின்னும், அதனால்தான் சப்நெட் கணக்கு வேகமாக வர வேண்டும்.

மீனாள், பள்ளத்தூர்:

வள்ளியம்மை அக்கா, என் பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, லைசென்ஸில் இனிஷியல்தான். நல்ல வேளை சொன்னீர்கள்.

கணேசன் அண்ணே, போட்டுப் பார்த்தேன். ஸ்லாஷ் 20க்கு மாஸ்க் 255.255.240.0. 256இல் 240 போனால் 16. 37 என்பது 32க்கும் 48க்கும் நடுவில். நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255. சரியா?

கணேசன், கானாடுகாத்தான்:

சரி. கருவிகள் 4094. இதற்கே, மாஸ்க்கைத் தலைகீழாக்கிய வைல்டுகார்டு மாஸ்க் 0.0.15.255, ஓஎஸ்பிஎஃப்பிலும் ஏசிஎல்லிலும் அதைத்தான் அடிக்க வேண்டிவரும். கடைக்கும் குடோனுக்கும் விலான் பிரித்ததும் பாக்கெட் ட்ரேசர் ஃபைலை இங்கே போடுங்கள். ஒரு இடத்தில் கெடுத்துத் திருப்பி அனுப்புகிறேன், கண்டுபிடிக்க வேண்டும்.